நாற்பத்தொரு சதவீதம்

கோசலாவுக்குக் கொழும்புக் கம்பனி கொடுத்த லெப்டொப் பத்து மணி நேரம் தாங்கும் என்றார்கள். நான்கு மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் தன் வீட்டு ஃபியூஸ் போகும்போதெல்லாம் அவள் சார்ஜர் வயரைச் சுவர் ஓட்டைக்குள் விடுவாள். பக்கத்து வீட்டு அன்னம்மா அக்கா அதைத் தன் பிளக்கில் செருகிவிட்டு, செருகியாச்சு என்று தெரியட்டும் என வயரை இரண்டு தரம் இழுப்பாள்.

போன மழையில் மண் சரிந்து அக்காவின் வீட்டை மூடியது. அக்காவை இன்னும் எடுக்கவில்லை.

இப்போது தோட்டம் முழுக்க மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. சிக்னல் கிடைப்பது அந்த மண்மேட்டில் மட்டும்தான். ஒன்பது சதவீதச் சார்ஜோடு அங்கே உட்கார்ந்து கோசலா மீட்டிங்கைத் தொடங்கினாள். ஒரு மணி நேரம் ஓடியது.

கொழுந்துக்கூடையோடு வந்த நிஷாந்தி நின்றாள். "ஒனக்கு மட்டும் எப்புடிடி சார்ஜ் நிக்குது?"

"இந்நேரம் ஓஃப் ஆகியிருக்கணும்," என்று கோசலா திரையைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

லெப்டொப்பிலிருந்து தொங்கிய சார்ஜர் வயரைப் பார்த்தாள். அதன் நுனி மண்ணுக்குள் போயிருந்தது. உருவி எடுக்கக் கை வைத்தாள்.

கைக்குள்ளேயே வயர் இரண்டு தரம் இழுபட்டது.