ஆறாவது கூட்டம்

"ஆபரேஷன் வேணுமா வேண்டாமா, இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்," என்று மேசையைத் தட்டிக் கூட்டத்தைத் தொடங்கினார் கணவர். ஆயுசு முழுக்க அலுவலகத்தில் கூட்டம் போட்டே ஓய்வு பெற்ற மனிதர். வீட்டில் திரைச்சீலை மாற்றுவதென்றாலும் நோட்டில் தீர்மானம் எழுதாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

மனைவிக்குச் சினைப்பையில் புற்றுநோய். கண்ணுக்குத் தெரிகிற கட்டியையெல்லாம் முதலில் வெட்டி எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் மிச்சத்தை மருந்து பார்த்துக்கொள்ளும், நாளைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா தலைபாடாக அடித்துக்கொண்டார். அவர் சொல்லி ஏழு வாரம் ஆயிற்று.

கத்தி பட்டால் பரவிவிடும் என்று கணவரின் அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தாமல் விட்டிருந்தால் எங்கேயோ போயிருப்பாள், பாவம். ஆறு மாதம் பச்சிலைச் சாறு குடித்துப் பார்க்கலாம் என்றார் சித்தப்பா. குடிக்கப்போவது அவரில்லையே!

மனைவி தங்கை வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு நேற்றுதான் திரும்பியிருந்தாள். அவள் இல்லாமலே நடுவில் நாலு கூட்டம் ஜாம் ஜாமென்று நடந்து முடிந்திருந்தது. இப்போது தலையணையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இருமல் வந்தால் மட்டும் அதை வயிற்றோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கணவருக்கோ உள்ளூர உதறல். அவளில்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனாலும் நாலு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளைக்கு ஏதாவது ஆனாலும் பழி தன் ஒருத்தன் தலையில் விழாது பாருங்கள்.

சீரியல் நேரம் நெருங்கியதும் அக்கா இறங்கி வந்தாள். சித்தப்பாவின் ஆறு மாதம் மூன்றாகி, ஒன்றாகி, கடைசியில் அவரும் வழிக்கு வந்தார். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எல்லாரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

கணவர் நோட்டை மூடிக்கொண்டு பெருமையாக மனைவியிடம் வந்தார்.

"ஒண்ணும் பயப்படாதே. நாங்க எல்லாரும் ஒத்துக்கிட்டோம். என்னிக்குப் போய் ஆஸ்பத்திரியில சேரலாம், சொல்லு."

அவள் நிதானமாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தையல் பிரிச்சே பத்து நாள் ஆச்சுங்க."