ஒரு பட்டை, இரண்டு தொண்டைகள்

உடம்பின் நோயைத் தானே கண்டறியும் ஆதிரையின் கழுத்துப் பட்டை இந்த வருடத்தின் ஏழாவது தொண்டை அழற்சியைப் பதிவு செய்ததும், டான்சிலை எடுக்கும் தேதி தானாகவே அவள் அம்மா தேன்மொழியின் போனுக்கு வந்துவிட்டது. பட்டைகள் வந்த பிறகு, யாருக்கு எப்போது காய்ச்சல் என்று எந்த வீட்டிலும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

மருத்துவமனைக்கு இரட்டைப் பிள்ளைகள் ஆதிரை, நிறைமதி இருவரும் வந்திருந்தார்கள். பச்சை அங்கி மாட்டியிருந்த ஆதிரை அழவில்லை. அம்மாவின் துப்பட்டாவை மட்டும் விடவில்லை.

டாக்டர் பெனசீர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார்.

"போன மாசம் ரொம்ப வலிச்சுதா, கண்ணு?"

"அது நான் இல்ல, டாக்டர். நிறைமதி."

தேன்மொழி திரும்பினாள். நிறைமதியின் கழுத்தில் பட்டை போலக் கட்டியிருந்தது வெறும் நீல ரிப்பன்.

"என்னோடது ஸ்கூல்ல தொலைஞ்சு போச்சும்மா. நீ திட்டுவேன்னு சொல்லல. எங்க ரெண்டு பேர்ல யாருக்குத் தொண்டை வலிக்குதோ அவங்க ஆதிரையோடத போட்டுப்பாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்போ இது ரெண்டு பேரோட கணக்கு. தூக்கத்துல யாருக்காவது மூச்சு திணறுதாம்மா?"

"இல்லீங்க டாக்டர்."

"அப்போ ஆபரேஷன் ரெண்டு பேருக்குமே வேண்டாம். கொஞ்ச நாள் பார்ப்போம். வளர வளர பெரும்பாலும் குறைஞ்சுடும்."

திட்ட வாயெடுத்த தேன்மொழி, இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்காக ஆதிரை காலையிலிருந்து பட்டினி. நிறைமதியும் எதுவும் சாப்பிடவில்லை என்பது, கேன்டீனில் அவள் இரண்டாவது தட்டுப் பொங்கல் கேட்டபோதுதான் தெரிந்தது.