முள் கிள்ளிய தூதுவளை

"சத்தமாப் பேசுங்க வாத்தியாரே! கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு."

கல்வி அதிகாரி ரெங்கராஜ் எரிச்சலுடன் சொன்னார்.

"தொண்டை சரியில்லீங்க," என்றார் சவரிநாதன், தாடிக்குள் முணுமுணுப்பதுபோல்.

சித்தன்னவாசல் பாறைக்குக் கீழே, வேப்பமர நிழலில் பதினாறு பிள்ளைகள் மணலைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். மணலில் ஒரு பறவையின் கால்தடம். அதன் பக்கத்தில் குச்சியால் 'கௌதாரி' என்று எழுதிக்கொண்டிருந்தாள் செவந்தி.

"இது எப்பப் போச்சு?" என்று கேட்டார் ரெங்கராஜ்.

"நீங்க வர்றதுக்கு முந்தியே போயிருச்சு சார். அதுக்கு மேலதான் ஒங்க செருப்புத் தடம் கெடக்கு."

பிள்ளைகள் சிரித்தார்கள். ரெங்கராஜும் சிரித்துவிட்டார்.

வலை விரித்துக் காடை, கௌதாரி பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். நாலு சுவருக்குள் உட்கார வைத்தால் மறுநாள் வரமாட்டார்கள். அதனால் காட்டையே வகுப்பறையாக்கி ஆறு மாதமாகச் சொல்லிக்கொடுக்கிறார் சவரிநாதன். இன்று அதிகாரி சம்மதித்தால் மதியச் சோறு வரும், சிலேட்டு வரும், குளத்தூர்ப் பக்கம் இன்னும் இரண்டு பள்ளிகள் இதேபோல் தொடங்கும். இல்லையென்றால் இன்றோடு எல்லாம் முடிந்தது.

"பாடமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அட்டென்டன்ஸ் எங்க? பேர் கூப்பிடுறதே இல்லையா?"

"இல்லீங்க. தலைய எண்ணிக்குவேன்."

"அதென்ன வழக்கம்?"

சவரிநாதன் தயங்கினார். "இதுக அப்பன்மாரெல்லாம், பொறந்த சாதியையே திருட்டுச் சாதின்னு எழுதி வச்ச கைரேகைச் சட்டத்துல கெடந்தவுக. பொழுது சாஞ்சா போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல வரிசையாக் குந்தணும். தலை நிமிரக் கூடாது. ஏட்டு ஒவ்வொரு பேராக் கூப்பிடுவாரு. 'இருக்கேன்'னு சொல்லணும். ஒருத்தன் கொரல் வரலைன்னா எல்லாருக்கும் அடி. இங்க பேர் கூப்பிட்டா பயந்துக்கிட்டுப் பிள்ளைகள அனுப்ப மாட்டாக."

"சட்டத்த எடுத்து ஏழெட்டு வருஷமாச்சேய்யா! பேர் கூப்பிடாம நான் என்னன்னு எழுதுறது? பக்கத்து ஊர்ப் பிள்ளைகளக் கூட்டி வச்சிருக்கான்னு நாளைக்கு மேல கேப்பாங்க. கூப்பிடுங்க. காதுல விழுற மாதிரி."

"இது ஒண்ணு மட்டும் வேணாங்க…"

"அப்ப மூடச் சொல்லி எழுதிட்டுப் போறேன்."

செவந்தி எழுந்து வந்தாள். மடியிலிருந்து ஒரு பிடி இலையை எடுத்துச் சவரிநாதனிடம் நீட்டினாள்.

"சார், தூதுவளை. அப்பா குடுத்து விட்டாரு. மென்னு முழுங்குங்க, தொண்டை தெறக்கும்."

இலையில் ஒரு முள்கூட இல்லை. எல்லாம் கிள்ளியிருந்தது. ஆறு மாதமாகத் தினமும் இப்படித்தான் வருகிறது. அனுப்புகிற மனிதருக்கு நன்றி சொல்ல ஒரு நாளும் அந்தக் குடிசைப் பக்கம் போனதில்லை சவரிநாதன்.

இலையை வாயில் போட்டு மென்றார். கண் கலங்கியது. சிலுவை போட்டுக்கொண்டு, நோட்டை விரித்தார்.

"செவந்தி! அடைக்கலம்! ராசாத்தி! சோலையப்பன்!"

குரல் பாறையில் மோதித் திரும்பியது.

"பாருங்க, கொரல் நல்லாத்தான இருக்கு!" என்றார் ரெங்கராஜ்.

தூரத்துப் புதருக்குள் வலை விரித்துக்கொண்டிருந்த ஆண்கள் விறைத்து நின்றார்கள். பிறகு வலைகளைப் போட்டுவிட்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மரத்தடிக்கு வந்து வரிசையாகக் குந்தினார்கள். தலைகள் குனிந்தன.

பிள்ளைகளின் சிரிப்பு நின்றது. தங்கள் அப்பன்மாரைப் பார்த்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் போய் அவர்களுக்குப் பின்னால் குந்தித் தலையைக் குனிந்துகொண்டார்கள். செவந்தியும் போனாள்.

ரெங்கராஜ் அந்த வரிசையைப் பார்த்தார். பேனாவை எடுத்து வேகமாக எழுதினார்.

"வாத்தியாரே, நீங்க சொன்னது நெசந்தான். இனிமே இங்க பேரே கூப்பிட வேணாம். பள்ளிக்கூடம் நடக்கட்டும். இந்தாங்க, கையெழுத்தும் போட்டுட்டேன்." பிறகு குந்தியிருந்தவர்களிடம் திரும்பினார். "எந்திரிங்கப்பா. இது ஸ்டேஷன் இல்ல. பள்ளிக்கூடம்."

ஒருவரும் அசையவில்லை. ரெங்கராஜ் நீட்டிய காகிதத்தைச் சவரிநாதன் வாங்கவில்லை.

வரிசையின் முதலில் இருந்த செவந்தியின் அப்பன் மலையாண்டி, குனிந்த தலை நிமிராமல், கொஞ்சமும் கேலியில்லாத குரலில் கேட்டான்:

"தொண்டை தெறந்திருச்சுங்களா, ஏட்டையா?"