செத்தவன் உதைக்கக் கூடாது

"மூக்கை மட்டும் விட்டுருண்ணே."

"மூக்கை விட்டா நீ செத்து நாலு நாளானவனா? சளி புடிச்சவன்."

சில்வெஸ்டர் அண்ணன் சிரித்துக்கொண்டே துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினார். நெற்றி. கண். வாய். மூக்கின் மேல் வந்தபோது மட்டும் கொஞ்சம் நெகிழ்த்தி விட்டார்.

"மூச்சு முட்டுச்சுன்னா மூணு உதை. பின்னால நான்தான் நிப்பேன். பலகையைக் கழட்டி இழுத்துப் போட்டுருவேன். ஆனா ஒத்திகையில மூணு நாளும் உதைச்சுட்ட. இன்னைக்கு ஊரு பூரா உக்காந்திருக்கு. செத்தவன் உதைக்கக் கூடாதுல."

கல்லறையை மூடினார்கள்.

ஒட்டுப்பலகைக் கல்லறை. கோயிலுக்கு முன்னால், மணலில். ஓர் ஆள் படுக்கலாம். புரள முடியாது. பாறை போலத் தெரிய வெளியே சாம்பல் வண்ணம் அடித்திருந்தார்கள். வள்ளத்துக்கு அடித்தது போக மீந்த வண்ணம்.

அந்த வாசனை.

அவன் வாயால் மூச்சு இழுத்தான். துணி நனைந்து நாக்கில் ஒட்டியது.

தவக்காலத்தில் ஊர் நடத்தும், ஆண்டவரின் கதை சொல்லும் பாஸ்கா நாடகம். செத்து நாலாம் நாள் ஆண்டவர் உயிரோடு எழுப்பும் ஆளின் வேடம் அவனுக்கு. வசனம் கிடையாது. படுத்திருக்க வேண்டும். ஆண்டவர் வந்து கூப்பிட்டதும் எழுந்து வர வேண்டும்.

யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. நேர்ச்சை.

ஐப்பசியில், கவிழ்ந்த வள்ளத்துக்கு அடியில் அவனே நேர்ந்துகொண்டது.

அங்கே முகத்தை நிமிர்த்தி வைக்கும் அளவுக்குத்தான் காற்று. குறுக்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். அவனும் தார்சியுஸும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"ஆண்டவரே, என்னைக் கரை சேத்துரும். வார பாஸ்காவுல கல்லறைக்குள்ள நான் படுக்கேன்."

உரக்கத்தான் சொன்னான். ஊர் வழக்கம் அது. ஒருவர் வாய்விட்டு வேண்டினால் பக்கத்தில் இருப்பவர் ஆமென் சொல்ல வேண்டும். அப்போதுதான் வேண்டுதல் முடியும்.

தார்சியுஸின் மூச்சு இரண்டு முறை வந்து போனது.

பிறகு, "ஆமென்" என்றான்.

அடுத்த அலைக்கு நேரம் இருந்தது.

நேர்ந்தவன் வேறொன்றும் வேண்டவில்லை, தார்சியுஸுக்காகக்கூட.

விடிந்தபோது கரைக்கு ஒருவன் வந்தான். மற்றவனைக் கடல் இன்னும் தரவில்லை.

அதன் பிறகு வீட்டில் யாரையும் கதவைச் சாத்த விட்டதில்லை. போர்வையைக் கழுத்துக்கு மேல் இழுத்ததில்லை. செபமாலைக்கு உட்கார்ந்தால் வாய் அசையும். விரல் மணியைத் தள்ளும். வேண்டுதல் மட்டும் வராது.

வெளியே பாட்டு தொடங்கியது. ஒத்திகையில் இரண்டு சரணம். ஊர் கூடிவிட்ட உற்சாகத்தில் பாடகர் குழு மூன்றாவதையும் எடுத்தது.

நான்காவதையும்.

வியர்வை காதுக்குள் இறங்கியது. தண்ணீர் ஏறுவது போலவே.

பாட்டு நின்றது. மைக் கரகரத்தது. ஒரு பெண் குரல்.

பெல்சீத்தா. செத்தவனின் அக்காள் வேடம் ஐந்து வருடமாக அவளுடையது. தார்சியுஸுக்கு அவள் உண்மையிலேயே அக்காள். இந்த வருடம் வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானே நிக்கேன் என்று சொல்லிவிட்டாளாம்.

"பிந்தி வந்தீரே ஆண்டவரே. நீர் பக்கத்தில் இருந்திருந்தால் போயிருப்பானா என் தம்பி?"

எழுதிக் கொடுத்த வசனத்தில் 'தம்பி' ஒரு முறைதான்.

"என் தம்பி," என்றாள் மறுபடியும்.

"தம்பி."

மணலில் உட்கார்ந்திருந்த ஊரில் ஒரு குழந்தைகூட அழவில்லை.

அவன் உதைத்தான்.

ஒன்று.

இரண்டு.

தலைக்குப் பின்னால் ஆணி நெகிழும் ஓசை. சில்வெஸ்டர் அண்ணன் தயாராகிவிட்டார். சேர்த்துக் கட்டிய கால்கள் மூன்றாவது உதைக்கு உயர்ந்து நின்றன. இன்னொரு தடவை. காற்று. வெளிச்சம். நேர்ச்சை போகும். போகட்டும்.

"ஆண்டவரே, பயமாயிருக்கு."

தானாக வந்தது. ஐப்பசிக்குப் பிறகு முதல் முறை.

"அந்த ஆமென நெனச்சா பயமாயிருக்கு."

கால்கள் இன்னும் மேலேயே நின்றன.

"தார்சியுஸு எனக்குச் சொன்னான். நான் அவனுக்காக வேண்டல. ஆண்டவரே, தார்சியுஸு. தார்சியுஸு."

அதற்கு மேல் வார்த்தை இல்லை. பெயரையே சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது. ஒவ்வொரு மூச்சும் கிடைத்தது.

கால்களை மெல்லக் கீழே வைத்தான். பலகை சத்தம் எழுப்பவில்லை.

அதே இருட்டுதான். பலகை முகத்திலிருந்து ஒரு சாண்தான். வண்ணத்தின் வாசனையும் போகவில்லை. மூச்சு வந்தது. போனது. வந்தது.

கால்மாட்டில் கல்லாக வைத்திருந்த பலகையைப் புரட்டினார்கள்.

துணி முழுவதும் சிவந்தது. அந்திவெளிச்சம். கடல் காற்று பாதத்தில் பட்டது.

"வெளியே வா!"

ஊர் எழுந்து நிற்பது மணல் வழியாகத் தெரிந்தது.

அவன் அசையவில்லை.

"ஏலே," பலகைக்குப் பின்னாலிருந்து சில்வெஸ்டர் அண்ணன் கிசுகிசுத்தார். "கூப்பிடுதாருல்லா. எந்திரில. பயந்துட்டியா?"

"வெளியே வா!"

குரல் கோயில் சுவரில் பட்டு, கடல் பக்கமாகப் போனது. வெகு அருகில் பெல்சீத்தா மூக்கை உறிஞ்சினாள்.

"வாரேன் ஆண்டவரே," என்றான் அவன், துணிக்குள். "இந்தா வாரேன்."

"அவனையும் ஒருதரம் கூப்பிடும்."