கல்லுளிமங்கன்

“அங்க பாருங்க டாக்டரம்மா, இப்பவும் சிரிக்கிறார்.”

அவள் கையில் பிரஷர் பட்டை இறுகிக்கொண்டிருந்தது. அறை வாசலில் கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார் அவள் கணவர், தச்சர். பல்லெல்லாம் தெரிய இளித்துக்கொண்டிருந்தார்.

“பேசாதீங்கம்மா. ஏற்கெனவே எகிறியிருக்கு” என்றார் டாக்டரம்மா, கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எகிறாம என்ன பண்ணும்? எங்கம்மா குடுத்த கட்டில். என் பொண்ணைப் பெத்துட்டு வந்து படுத்த கட்டில். போன வாரம் என்னை ஒரு வார்த்தை கேக்காம உடைச்சு, சரக்குப் பெட்டி அடிக்கப் பலகையாக்கிட்டார். ஆணி குதிகால்ல ஏறியும் விடலையே, நொண்டி நொண்டி உடைச்சார். உளி கையில இருந்தா வீட்டையே இழைச்சுடுவாரா?”

பிரஷர் பார்க்க வந்த இடத்தில் பஞ்சாயத்து நடந்தது. அவள் காலடியில் ஒரு துணிப்பை புடைத்துக் கிடந்தது. சாயங்கால வண்டியில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வருவதாக இல்லை. வழிக்கு மாத்திரை வாங்கத்தான் இங்கே ஏறி வந்தாள்.

“‘தப்புதான்’னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பையைப் பிரிச்சுடறேன்னேன். அதுக்கும் இந்தச் சிரிப்புதான். ரெண்டு நாளா வாயில கொழுக்கட்டை. கல்லுளிமங்கன்.”

“சாப்பிடறாரா?”

“எங்க? ஆக்கி வெச்சதைத் தொடலை. நான் சமைச்சது தொண்டையில இறங்காது போல. கூப்பிட்டாக் கழுத்தைக்கூடத் திருப்பறதில்லை, அவ்வளவு தலைக்கனம். இங்க வான்னு நான் அழைக்கவும் இல்லை. விறைச்சுக்கிட்டுப் பின்னாலேயே வந்து நிக்கிறார். நான் அழறதை நாலு பேர் முன்னாடி வேடிக்கை பார்க்கணும், அதுக்குத்தான்.”

டாக்டரம்மா நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். பட்டையைக் கழற்றாமலே எழுந்து போய், தச்சரின் தாடையைத் தொட்டார்.

“வாயைத் திறங்க.”

திறக்கவில்லை. சிறிய மரக்குச்சியைப் பற்களுக்கிடையே நுழைக்கப் பார்த்தார். அதுவும் நுழையவில்லை.

“பாத்தீங்களா? உங்களுக்கே இந்த மரியாதைதான்” என்றாள் மனைவி.

டாக்டரம்மா குச்சியைக் கீழே போட்டார். நர்ஸிடம் திரும்பி, தணிந்த குரலில் படபடவென்று சொன்னார். “ஆம்புலன்ஸைக் கூப்பிடு. பெரிய ஆஸ்பத்திரியில விஷமுறிவு மருந்தைத் தயாரா வைக்கச் சொல்லு. விளக்கைக் குறை. யாரும் சத்தம் போடக்கூடாது.”

“விஷமா?” அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டது. “நான் ஆக்கிப் போட்டதுலயா? அப்படியா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கார்?”

“அவர் குதிகால்ல இருக்கும்மா விஷம். ஆணி குத்தின இடத்துல கிருமி உள்ளே போய் உக்காந்துக்கிச்சு. அது கக்குற விஷம் நரம்பைப் பிடிச்சுடும். அப்புறம் இறுகின சதை தளராது. தாடை பூட்டிக்கும், கழுத்து கட்டையாயிடும். இன்னும் தாமதிச்சா மூச்சும் நின்னுடும்.”

அவள் நம்பவில்லை. எழுந்து நின்று கணவரை ஏறிட்டாள். அதே பற்கள், அதே இளிப்பு. பட்டை சுற்றிய கையை அவரை நோக்கி நீட்டினாள்.

“மூச்சு நிக்கப் போற மனுஷன் எதுக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கணும்?”

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவர் சிரிக்கலம்மா. ரெண்டு நாளா கத்திக்கிட்டிருக்கார்.”