கால் கழுவும் வாசல்

அன்று காலை வாசலில் இருந்தவர்கள்: கால் கழுவிவிடும் சூசைராயன், அவன் அண்ணன் மனைவி மரியதங்கம், அவளுக்குப் பின்னால் நீச்சல் உடையில் ஒன்பது சுற்றுலாக்காரர்கள்.

கடலுக்குள் நீண்டு கிடக்கும் அந்த மணல்திட்டைக் கம்பெனி வளைத்துப்போட்டதிலிருந்து, ஒரு பொட்டு மணல்கூட அங்கிருந்து வெளியே போகக் கூடாது. போனால் சூசைராயனுக்கு வேலை இல்லை.

அவள் பாதங்களை இரண்டு முறை கழுவிவிட்டான். உடம்பில் மணல் இருந்தால் எரியும், கதவின் மேலிருந்த சிவப்பு விளக்கு அணையவில்லை.

“மதினி, அந்தக் கையத் திறங்க.”

“மாட்டேன் தம்பி. இங்க குழி தோண்டக் கூடாதுன்னு உங்கண்ணன டவுன்ல அடக்கம் பண்றாங்க. நம்ம மண்ணு ஒரு பிடியாவது அவரு மேல விழணும்.”

“அண்ணனா இருந்தா ஒரு கூடையே கடத்தியிருப்பாரு.”

“மாட்டியும் இருப்பாரு.”

இருவரும் சிரித்தார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இன்னும் பச்சை விழலையா?” என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

சூசைராயன் தன் தொப்பியைக் கழற்றி விளக்கின் மேல் கவிழ்த்தான்.

“விழுந்துட்டு சார்.”

கதவைத் திறந்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னான்: “எனக்கு லீவு தரல மதினி. பாதி மண்ண என் பேரச் சொல்லிப் போடுங்க.”

அவள் தலையசைத்து, மூடிய கையோடு கரைக்குப் போகும் பாலத்தில் இறங்கினாள். அவன் கதவைச் சாத்திப் பூட்டினான்.