பவுடர் போடாத நாள்

ஆய்வுக்கூடத்தில் மருந்துத் துகள்களை அளவெடுக்கும் நாளில் செண்பகவல்லி முகத்துக்குப் பவுடர் போடமாட்டாள். மருந்துத் துகள் பெரிதாகிவிட்டால் கல்லீரல் பிடித்துக்கொள்ளும், புற்றுக்கட்டிவரை போய்ச் சேராது. சிறிய துகளில் பட்ட லேசர் ஒளி படபடக்கும், பெரியதில் பட்டால் மெல்ல அசையும். இன்று மெல்லத்தான் அசைந்தது. "பெருசா காட்டுது மேடம். கொட்டிரவா?" என்றான் உடன் வேலை பார்க்கும் எட்வின். அவள் மருந்துக் குப்பியை விட்டுவிட்டு அவன் காலரைப் பார்த்தாள். "கிளம்புறப்போ பாப்பாவைத் தூக்குனீங்களா?" காலரில் வெள்ளையாகப் பவுடர். குப்பியில் ஒரு தூசு விழுந்தால் போதும், அதில் பட்ட ஒளி கோடித் துகள்களின் ஒளியை மறைத்துவிடும். மருந்தை வடிகட்டி மறுபடி வைத்தாள். ஒளி படபடத்தது. எண்பது நானோமீட்டர், சரியான அளவு. "இந்த மருந்துக்குக் காத்திருக்கிற குழந்தைக்கும் உங்க பாப்பா வயசுதான்," என்றாள்.

அடுத்த அளவெடுக்கும் நாளில், கை நீட்டிய பாப்பாவுக்கு எட்வின் வாசலில் நின்றே டாட்டா காட்டினான்.